மண்ணுக்குள்ள இருக்கிற பைப்: லீக்னா தண்ணி வெளிய மட்டும் போகாது

இந்த எபிசோட்ல ஆப் இல்ல, ஏ.ஐ. இல்ல. தெருவுல போற மெட்ரோ வாட்டர் லைன்ல இருந்து உங்க வீட்டு சம்ப் வரைக்கும் மண்ணுக்குள்ள ஒரு பைப் ஓடுதே, அதைப் பத்திதான் பேசப் போறோம். வாடகை வீடா இருந்தாலும் கேளுங்க. அந்தத் தண்ணியைக் குடிக்கிறது நீங்கதானே?

பைப் லீக்னா தண்ணி வீணாப் போகும்னுதான் நினைக்கிறோம். பிரச்சினை அதோட நிக்கல. சென்னையில பல தெருக்கள்ல தண்ணி சில மணி நேரம்தான் வரும். அப்போ பைப்ல பிரஷர் இருக்கும், ஓட்டை வழியா தண்ணி வெளிய கசியும். சப்ளை நின்னதும் பிரஷர் போயிடும். இப்போ அதே ஓட்டை வழியா, சுத்தி மண்ணுல தேங்கின தண்ணி உள்ள வரும். பக்கத்துல சாக்கடை லைன் உடைஞ்சிருந்தா? அடுத்த சப்ளையில அது நேரா உங்க சம்ப்புக்குத்தான். லைன்ல நேரடியா மோட்டார் போட்டு உறிஞ்சினா இன்னும் மோசம், அழுக்கையும் சேர்த்து இழுக்கும். வயித்துப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியா வரலாம்.

கோடுல பக் இருந்தா லாக் பார்க்கலாம். மண்ணுக்குள்ள லாக் கிடையாது. ஆனா ரெண்டு டெஸ்ட் இருக்கு. ஒண்ணு, சப்ளை ஆரம்பிச்சதும் வர்ற முதல் தண்ணியை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிங்க. முதல்ல கலங்கலா, நாத்தமா வந்து அப்புறம் தெளிஞ்சா சந்தேகப்படுங்க. பக்கத்து வீட்லயும் அப்படியேன்னா, கோளாறு தெரு லைன்ல இருக்கலாம். வாரியத்துல புகார் கொடுங்க. ரெண்டாவது, மீட்டர் இருந்தா, சப்ளை வர்ற நேரத்துல சம்ப் வால்வை இறுக்கி மூடுங்க. வேற குழாய் எதுவும் திறந்திருக்கக் கூடாது. அப்பவும் மீட்டர் ஓடினா, நடுவுல லீக்.

சரி, மாத்தணும்னா எந்த பைப்? பழைய வீடுகள்ல ஜி.ஐ. பைப் இருக்கும். ஈர மண்ணுல துருப்பிடிக்கும். மரை வெட்டின இடத்துல இரும்பு மெலிசா இருக்கிறதால அங்கதான் முதல்ல போகும். பி.வி.சி. துருப்பிடிக்காது. ஆனா சாக்கெட், எல்போன்னு ஜாயின்ட் நிறைய. மேல வண்டி ஏறி மண்ணு இறங்கினா ஜாயின்ட் விட்டுடும். அதனால மண்ணுக்குள்ள என் ஓட்டு எச்.டி.பி.இ. பைப்புக்கு. ரோலா வரும், வளையும், நடுவுல ஜாயின்ட்டே இல்லாம சம்ப் வரைக்கும் கொண்டு வரலாம். மேல ஐ.எஸ். 4984னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. பெட்ரோல், டீசல் ஊறின மண்ணுன்னா மட்டும் இது வேண்டாம், அந்த வாசனை பைப் சுவர் வழியா உள்ள போகும்.

கடையில ஒரு குழப்பம் வரும். எச்.டி.பி.இ. அளவு வெளி விட்டம். அரை இன்ச் ஜி.ஐ. பைப்புக்குப் பதிலா 20 மி.மீ. கேக்கணும்.

ரிப்பேர்னா, ட்யூப் ரப்பர் சுத்தி மண்ணை மூடுறது ரிப்பேர் இல்ல. பிரஷர் இல்லாதப்போ அது அழுக்கைத் தடுக்காது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துட்டு புது துண்டு போடச் சொல்லுங்க. எச்.டி.பி.இ.க்கு பி.வி.சி. சொல்யூஷன் ஒட்டாது, கம்ப்ரஷன் கப்ளர்தான். முனையை நேரா வெட்டி, ஓரத்தைச் சீவி, கடைசி வரை தள்ளி, நட்டை இறுக்கணும். பி.வி.சி.ன்னா பைப் முனை நல்லா காஞ்சிருக்கணும், ஒட்டினதும் உடனே தண்ணி விடக் கூடாது.

குழியில கல்லு இல்லாம பொறுக்கிட்டு, பைப்பைச் சுத்தி மணல் போடுங்க. சாக்கடை லைன்ல இருந்து முடிஞ்ச அளவு தள்ளி, அதைவிட மேல போகட்டும். மூடுறதுக்கு முன்னாடி ஒரு சப்ளை வரட்டும், ஜாயின்ட்டைக் கண்ணால பாருங்க. சுவர்ல இருந்து எத்தனை அடின்னு டேப் வெச்சு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ஒண்ணு மறக்காதீங்க: தெருவைத் தோண்டுறது வாரியத்தோட வேலை, நாமளே கை வைக்கக் கூடாது. சரியாகுற வரைக்கும் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க. சரியானதும் சம்ப்பைக் கழுவி, குளோரின் கிட்ல பாருங்க. குழாய்த் தண்ணியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்.

நாளைக்கு தண்ணி வர்றப்போ அந்த டம்ளர் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.