ஒரு டாலரும் ஒப்புரவும்

(உலகப் புற்றுநோய் நாளையொட்டிக் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

டெர்ரி ஃபாக்ஸ் என்னும் பெயர் கனடாவில் பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரியும். நம்மிடையே அது அவ்வளவாக அறிமுகமான பெயர் அன்று. அவர் அரசியல் தலைவர் அல்லர்; எந்தப் போராட்டத்துக்கும் தலைமை ஏற்றவரும் அல்லர். இருபத்து மூன்று வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில் புற்றுநோயால் மறைந்த ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன். ஆயினும், மக்களிடம் சென்று நிதி திரட்டும் நம்மைப் போன்றோர் அவரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு.

1977 மார்ச் மாதத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் போர்ட் கோக்விட்லம் ஊரில் வாழ்ந்த பதினெட்டு வயது மாணவரான டெர்ரிக்கு வலது காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. முழங்காலுக்கு மேலே கால் அகற்றப்பட்டது. அவர் பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் கூறினார்கள். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள்: இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு இந்நோய் வந்திருந்தால் அந்த வாய்ப்பு வெறும் பதினைந்தாக இருந்திருக்கும்.

பதினைந்து ஐம்பதானது எப்படி? முகமறியாத யாரோ சிலர் ஆய்வுக்கூடங்களில் உழைத்தார்கள். முகமறியாத வேறு பலர் அந்த ஆய்வுக்குப் பணம் தந்தார்கள். தம் உயிரின் ஒரு பகுதி பிறர் உழைப்பால் கிடைத்தது என்பதை அந்த இளைஞர் உணர்ந்துகொண்டார். அடுத்த பதினாறு மாதங்கள் கீமோதெரபி மருத்துவம். அதே விடுதியில் தம்மினும் இளையோர் வலியில் துடிப்பதையும், சிலர் வீடு திரும்பாமலே போவதையும் கண்டார். தாம் மட்டும் நலம் பெற்று வெளியேறிவிட்டால் போதும் என்று அவரால் இருக்க முடியவில்லை.

1980 ஏப்ரல் 12 அன்று, கனடாவின் கிழக்குக் கோடியில் செயின்ட் ஜான்ஸ் நகரில், தமது செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல்நீரில் நனைத்துவிட்டு மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவதே நோக்கம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மராத்தான் தொலைவு. நண்பர் ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு உடன் வந்தார். செயற்கைக் கால் உரசி, வெட்டுண்ட காலின் தோல் புண்ணாகியது. மழையிலும் பனியிலும் ஆளற்ற சாலைகளில் ஓடிய அந்தத் தொடக்க நாட்களில் அவரைக் கவனித்தவர்கள் குறைவு. பின்னர், போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூருக்கு வந்தபோது, ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த அவ்வூர் மக்கள் 10,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தார்கள். தலைக்கு ஒரு டாலர்!

டெர்ரியின் இலக்கு அங்கேதான் மாறியது. கனடா மக்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் வேண்டும் என்றார். செல்வர் சிலர் தரும் பெருந்தொகையைத் தேடாமல், எல்லோரும் பங்கேற்கும் சிறுதொகையை அவர் நாடினார். வண்டி, எரிபொருள், காலணி போன்றவற்றை நிறுவனங்கள் அளித்தபோது ஏற்றுக்கொண்டார். தம் பெயரைத் தங்கள் விற்பனைக்குப் பயன்படுத்த விரும்பிய நிறுவனங்களை மறுத்துவிட்டார். திரண்ட பணத்தில் தமக்கென ஒரு டாலரும் எடுத்துக்கொள்ளவில்லை.

143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று, தண்டர் பே நகரை நெருங்கும்போது மார்பு வலி அவரை நிறுத்தியது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் முடியவில்லை. ஆனால் 1981 பிப்ரவரிக்குள் திரண்ட நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைக் கடந்தது. அப்போது கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே. அவர் கேட்ட தலைக்கு ஒரு டாலரை அவர் உயிரோடு இருந்தபோதே மக்கள் தந்துவிட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 28 அன்று டெர்ரி மறைந்தார்.

தமிழ் மரபு கொடையை இரண்டாகப் பிரித்து நோக்குகிறது. திருக்குறளில் ஒப்புரவறிதல் ஓர் அதிகாரம். அதற்கு அடுத்த அதிகாரம் ஈகை. இல்லாதவருக்கு இரங்கித் தருவது ஈகை. உலகத்தோடு சேர்ந்து வாழ்பவன் தனக்குரிய கடமையாகச் செய்வது ஒப்புரவு. டெர்ரி செய்தது ஒப்புரவு. முன்னோரிடம் பட்ட கடனைப் பின்வருவோருக்குத் திருப்பித் தந்தார்.

தோழர்களே, இன்னொன்றையும் மறக்கலாகாது. டெர்ரி தம் மருத்துவத்துக்காகக் கையேந்த நேரவில்லை. 1962இல் சஸ்காட்செவன் மாகாணத்தில் பொது மருத்துவக் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, அதை எதிர்த்து மருத்துவர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் நிலைத்தது, பத்தாண்டுகளுக்குள் கனடா முழுவதும் பரவியது. அந்தப் போராட்டத்தின் பலன் இருந்ததால்தான் ஒரு தொழிலாளியின் மகன் தம் வலிமை முழுவதையும் பிறருக்காகச் செலவிட முடிந்தது.

நம் நாட்டின் நிலை என்ன? அருகில் மருத்துவ வசதி இல்லாமல் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் மும்பைக்கு வரும் குடும்பங்கள், பரேல் பகுதி நடைபாதையில் நோயாளியோடு படுத்துறங்குகின்றன. நிலத்தையும் நகையையும் விற்று மருத்துவம் பார்க்கும் வீடுகளை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். இந்த வீடுகளில் பெருந்தன்மை கொண்ட இளைஞர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அடுத்த ஊசிக்குப் பணம் புரட்டுவதிலேயே அவர்களது காலம் கழிந்துவிடுகிறது.

ஆய்வின் பயன் யாருக்கு என்ற கேள்வியும் இங்கேயே எழுகிறது. ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப்பின் பின்னே பல்கலைக்கழக ஆய்வும் பொதுப்பணமும் இருந்தன. எனினும் நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலை வைத்தது. இந்திய நிறுவனங்களோ அதே மருந்தை 8,000 ரூபாய் அளவில் தந்தன. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அதற்கு அடிப்படையான 3(டி) பிரிவு, 2005இல் சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிகள் உள்ளிட்டோர் கொடுத்த அழுத்தத்தால் இடம்பெற்றது. மக்கள் டாலர் டாலராகத் தந்து வளர்த்த அறிவு மக்களிடமே திரும்ப வேண்டும் என்பதற்கான போராட்டம் அது.

டெர்ரியின் பெயரால் 1981 முதல் ஆண்டுதோறும் ஓட்டம் நடைபெறுகிறது. அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. முடிந்தவர் ஓடுவர், முடியாதவர் நடப்பர். சக்கர நாற்காலியிலும் வருவர். அடுத்த முறை உண்டியலோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது, அங்கிருந்து கிடைக்கும் பத்து ரூபாயைக் குறைவாக எண்ணாதீர்கள். அதைத் தந்தவர் நம் போராட்டத்தில் பங்காளியாகிவிட்டார். அந்த வீட்டில் யாரேனும் நோயுற்றிருந்தால், ஆறுதல் சொல்வதோடு திரும்பிவிடாதீர்கள். அவருக்குரிய மருத்துவம் அவரது உரிமை என்பதைச் சொல்லுங்கள். அதைப் பெற்றுத்தர அவரோடு மருத்துவமனை வரை செல்லுங்கள். அந்த இளைஞர் நமக்கும் விட்டுச் சென்ற கடன் அது.