திக்கும் கணிப்பொறி



தூத்துக்குடியின் வடபுறத்தே, பக்கிள் ஓடை கடலிற் கலக்கும் இடத்தை அடுத்து இருப்பது திரேஸ்புரம். இக்கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் என் நண்பர். அவருடைய மகன் கல்லூரி மாணவன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி, மாலைதோறும் அதில் விளையாடி வருகிறான். விளையாட்டென்றால் ஐவர் ஓரணியாய் நின்று, எங்கோ இருக்கும் வேறு ஐவரை எதிர்ப்பது.

சென்ற கோடையில் அவனுக்கு ஒரு தொல்லை வந்தது. குறி பார்க்கும் நேரத்தில் திரையில் படம் நின்று விடும். மறுபடி ஓடும்போது அவன் வீழ்ந்து கிடப்பான். "லேக்" என்று அவன் அதற்குப் பெயர் சொன்னான். அணித்தோழர்கள் அவனை விலக்கிவிட எண்ணினார்கள். கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஓய்ந்துவிட்டது, புதியதற்கு 25,000 ரூபாய் ஆகும் என்றார். தகப்பனார் படகு முதலாளியிடம் முன்பணம் கேட்பதென்று முடிவு செய்துவிட்டார். அதற்கு முதல்நாள்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"லேக்" என்ற அந்த ஒரு பெயருக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, செய்தி போய்த் திரும்புவதில் உண்டாகும் தாமதம். மற்றொன்று, கணிப்பொறியே படங்களைத் தீட்டுவதில் திக்குவது. முன்னதற்குக் கார்டு வாங்கிப் பயனில்லை. பின்னதற்கு இணையத்தை மாற்றிப் பயனில்லை.

முதலில் தாமதத்தைப் பார்த்தோம். அவன் ஆடும் விளையாட்டின் வழங்கி மும்பையில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே போய்வர 13 மில்லிநொடியேனும் ஆகும். கம்பி நேராகச் செல்லாததால் உண்மையில் இன்னும் கூடும். (2006ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் இடையே கடலடிக் கம்பி இடப்பட்டது. அது வாசலில் கிடந்தாலும் மும்பைக்குப் போகிறவனுக்கு என்ன பயன்?) "பிங்" என்னும் கட்டளையால் இதை அளக்கலாம். நான் முதலில் அளந்தது மும்பையை அன்று. அடுத்த அறையிலிருந்த ரௌட்டரை. அந்தப் பத்தடிக்கே எண் ஏறி இறங்கினால் குற்றம் வீட்டு வைஃபையில் என்று தெளிந்து, ஒரு லேன் கம்பியோடு காரியத்தை முடித்துவிடலாம். இங்கே இரண்டு எண்களும் அசையாமல் நின்றன. எனவே நோய் பெட்டிக்குள்ளேதான்.

திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுவதை நேயர்கள் அறிவீர்கள். விளையாட்டில் நொடிக்கு 60 படம் வேண்டுமானால், ஒவ்வொன்றையும் 16.7 மில்லிநொடிக்குள் தீட்டியாக வேண்டும். ஒரே ஒரு படத்துக்கு 100 மில்லிநொடி ஆகிவிட்டாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்; சராசரிக் கணக்கோ அதை மறைத்துவிடும். பையன் சராசரியைக் காட்டி, "எண் நன்றாகத்தானே இருக்கிறது, மாமா" என்று வியந்ததற்குக் காரணம் இதுவே.

எப்போது திக்குகிறது என்று கேட்டேன். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை, அதன் பிறகுதான் என்றான். அந்தப் பதிலே பாதி வைத்தியம். கார்டு திறன் குறைந்ததென்றால் முதல் நிமிஷமே தெரிந்திருக்கும். நினைவகம் நிரம்பி வழிந்தாலும் நேரம் சென்றே திக்கும். ஆனால் டாஸ்க் மேனேஜரில் பார்த்தபோது நினைவகத்தில் பாதி காலியாக இருந்தது. வெப்பத்தைக் காட்டும் நிரல் ஒன்றை ஓடவிட்டோம். பத்தாம் நிமிஷம் செயலியின் சூடு 98 பாகை! அந்த எல்லையில் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 400 கோடித் துடிப்பு, பாதியாய் விழுந்ததைக் கண்ணாரக் கண்டோம்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன்மேல் திருப்பினேன். திக்கல் நின்றது. செலவில்லாத சோதனை இது. கடைக்குப் போகுமுன் எவரும் செய்து பார்க்கலாம்.

உள்ளே பார்த்தால், அலுமினியத் தகடுகளுக்கிடையே சேறுபோல் ஏதோ அப்பியிருந்தது. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் இதை நன்கறிவார்கள். தூசி அதில் ஒட்டிக் களிமண்ணாய் இறுகிவிட்டது. போதாக்குறைக்கு, உப்புக் காற்றுக்கு அஞ்சி அவன் தாயார் பழைய சேலையில் ஓர் உறை தைத்து, இயந்திரம் ஓடும்போதும் போர்த்தியிருந்தார்.

மின்சாரத்தைத் துண்டித்து, உலர்ந்த தூரிகையால் துடைத்தோம். காற்றூதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் அச்சு கெடும். செயலியின் மேலிருந்த வெப்பக் களிம்பு காய்ந்து பொருக்காகியிருந்தது. அதை நீக்கிப் பட்டாணியளவு புதிது வைத்தோம். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். அன்றிரவு ஒரு மணி நேரம் ஆடியும் சூடு 80 பாகையைத் தாண்டவில்லை.

தகப்பனார் அதுவரை பேசாமல் நின்றிருந்தார். செயலி ஏன் வேகத்தைக் குறைத்தது என்று நான் மறுபடி விளக்கத் தொடங்கவும், "மூச்சு முட்டினால் யார்தான் கை வீசி வேலை செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தாயாருக்குத்தான் உறையை விட மனமில்லை. ஓடும்போது எடுத்துவிடவும், நிறுத்தி அரைமணி ஆறிய பின் போர்த்தவும் உடன்பாடு ஆயிற்று. சன்னலோரம் இருந்த மேசையை உட்சுவருக்கு மாற்றியதும் அவரே.