உபதேசியாருக்குத் துணை நிற்கும் திருமண்டலம்



1799-இல் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், செம்மணல் தேரியில் ஓர் ஊர் பிறந்தது. கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் அடிபட்டு, வீடிழந்து வந்தவர்களைத் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் அங்கே குடியமர்த்தினார். முதலில் எழுந்த ஊர்; முதலூர் என்றே பேர் வைத்தார்கள். அந்தச் சபைக்கென்று அன்று பேராயரும் இல்லை, திருமண்டல அலுவலகமும் இல்லை.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், இப்படித் துரத்தப்பட்ட குடும்பங்களை நேரில் பார்த்தவர். அவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க ஒரு சங்கம் அமைத்தார். கொஞ்சமே வைத்திருந்த சபையாரும் அதற்குப் பணம் போட்டார்கள். மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜெண்டும் உதவிப் பேராயர்களானது 1877-இல்தான். மோர்லியை முதல் பேராயராகக் கொண்டு திருநெல்வேலித் திருமண்டலம் அமைந்தது 1896-இல். ஆதரவு முதலில் வந்தது. ஆட்சிப்பீடம் பிறகுதான் வந்தது. திருமண்டலம் எதற்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த வரிசையே விடை.

இன்று நடப்பது என்ன?

சிற்றூர்ச் சபைகள் பலவற்றைச் சேர்த்து ஒரு சேகரம். அத்தனைக்கும் ஒரு சேகர குரு. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லா ஊரிலும் அவரால் திருவிருந்து நடத்த முடியாது. அவர் வராத வாரங்களில் மணியடித்து, ஜெபம் நடத்தி, பிரசங்கம் செய்பவர் உபதேசியார்தான். சாவு வீட்டுக்கு முதலில் ஓடுபவரும் அவரே. பதினைந்து பனையேறிக் குடும்பங்கள் மட்டுமே உள்ள சபை, ஓர் ஊழியரைத் தனியாகத் தாங்க முடியுமா? முடியாது. அதனால்தான் வசதியான நகரச் சபையின் காணிக்கையும், அம்மாமார்கள் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் பிடியரிசியும் ஒரே பொதுப் பொறுப்பில் சேர வேண்டியிருக்கிறது. ஒரு சபையின் ஏழ்மை அங்குள்ள ஊழியரின் ஏழ்மையாகிவிடாமல் காப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

தாங்கப்பட்ட சபைகள் பிறரைத் தாங்கவும் கற்றுக்கொண்டன. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் தோழர்களும் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல், இந்த மண்ணின் காணிக்கையைக் கொண்டு தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1912-இல் அசரியாவே தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். பனங்கருப்பட்டி விற்ற காசு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

ஊழியருக்குத் துணை என்பது பணம் மட்டுமல்ல. குருமாரை உருவாக்க மதுரை அரசரடியில் 1969 முதல் இறையியல் கல்லூரி இருக்கிறது. பட்டம் பெற்று வரும் இளம் குருவானவரை முதல் சேகரத்தில் தனியே விட்டுவிடாமல், அனுபவமுள்ள ஒருவர் கூட நின்றால் பல சபைகளின் பிணக்குகள் ஆரம்பத்திலேயே தீரும்.

ஒன்றை மனவருத்தத்தோடு சொல்லியே ஆகவேண்டும். திருமண்டலத் தேர்தல் என்றால் இன்று அணிகளும் வழக்குகளும் நினைவுக்கு வருகின்றன. சபை நிதி வழக்குச் செலவுக்குப் போனால், கூரை ஒழுகும் சிற்றாலயம் அடுத்த மழைக்கும் ஒழுகும். 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் தனித் திருமண்டலமானது. அதன்பின் நிர்வாகம் ஊர்களுக்கு அருகில் வந்திருக்கிறது. கணக்கும் அருகில் வரவேண்டும். ஒவ்வொரு சேகரமும் கட்டிய தொகை எவ்வளவு, அதில் சிற்றூர் ஊழியருக்குப் போனது எவ்வளவு என்று ஆண்டுதோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். திருமண்டலப் பெருமன்றம் கூடும்போது உபதேசியாரின் சம்பளமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் முதல் தீர்மானமாக வரட்டும். மற்றவற்றை மதிய உணவுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.