பழுது பார்த்த இதயக் கதவு

ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்து, 1960களில் அடுக்குமாடி நகராக எழும்பியது சிங்கப்பூரின் தோ பாயோ. அங்கே ஓர் அம்மா வசிப்பதாக வைத்துக்கொள்வோம். இளவயதில் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பல ஆண்டுகளுக்கு முன் நெஞ்சைத் திறந்து அவருடைய இதய வால்வைச் சீர்செய்தார்கள். இப்போது மின்தூக்கி வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இரவில் நீட்டிப் படுக்க முடியவில்லை. கேட்டால், "வயதாகிவிட்டது" என்கிறார். மறுபடியும் நெஞ்சைப் பிளப்பார்களோ என்ற அச்சம்தான் அவர் வாயை அடைக்கிறது. அந்த அச்சத்தைப் பற்றியே இன்று பேசுவோம்.

இதயத்தின் இடப்பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே, இரண்டு இதழ்கள் கொண்ட ஒரு கதவு இருக்கிறது. அதுதான் மிட்ரல் வால்வு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை அது திறந்து மூடுகிறது. கதவு நிலை விரிந்துபோனால் இரண்டு கதவும் ஒன்றோடொன்று பொருந்துமா? பொருந்தாது. அதுபோல வால்வின் விளிம்பு விரிந்தால் இரத்தம் பின்னோக்கி ஒழுகும். மூச்சுத் திணறும், கால் வீங்கும். விரிந்த விளிம்பைச் சுருக்கி அதில் ஒரு வளையத்தைத் தைப்பதே பழுது பார்க்கும் முறை. பிரெஞ்சு மருத்துவர் அலன் கார்ப்பென்டியே இம்முறையை 1960களின் இறுதியிலிருந்து வளர்த்தார்.

பழுது பார்த்த கதவும் நாளடைவில் மீண்டும் கெடலாம். முன்பெல்லாம் மறுபடி நெஞ்சைத் திறப்பதே வழி. 2002ஆம் ஆண்டில் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்னும் மருத்துவர், நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியே பெருந்தமனி வால்வு ஒன்றைப் பொருத்தினார். 2009இல் சிங்கப்பூர் தேசிய இருதய நிலையத்திலும் அச்சிகிச்சை நடந்தது. பின்னர் மிட்ரல் வால்வுக்கும் அவ்வழி வந்தது.

அதை எப்படிச் செய்கிறார்கள்? தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் சேர்கிறார்கள். சுருக்கி வைத்த புதிய வால்வைப் பழைய வளையத்துக்குள் நிறுத்தி, பலூனை ஊதி விரிக்கிறார்கள். பழைய வளையமே புதிய வால்வைப் பிடித்துக்கொள்ளும் நிலையாகிறது. இந்த வால்வின் இதழ்கள் பெரும்பாலும் மாட்டின் இதய உறையிலிருந்து செய்யப்படுபவை. அதில் தயக்கமுள்ளோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுத் தெளியலாம்.

இது எல்லாருக்கும் ஏற்றதன்று. புதிய வால்வின் ஓரத்தில் இரத்தம் ஒழுகலாம், இரத்தம் வெளியேறும் பாதை அடைபடலாம், பக்கவாதமும் நேரலாம். ஆகவே, படமெடுத்து அளந்த பின்பே முடிவு செய்வார்கள். மறுபடி நெஞ்சைத் திறப்பது ஆபத்து எனக் கருதப்படுவோருக்கே பெரும்பாலும் இவ்வழியைச் சொல்கிறார்கள்.

அந்த அம்மா செய்ய வேண்டியது என்ன? முதலாவது, மூச்சு வாங்குவதை மறைக்காமல் தோ பாயோ பலதுறை மருந்தகத்திலாவது காட்ட வேண்டும். தோட்டத்தில் இருப்போர் அருகிலுள்ள மருத்துவமனையில் காட்டலாம். இரண்டாவது, பழைய அறுவைச் சிகிச்சைத் தாள்களை எடுத்துச் செல்ல வேண்டும். வளையத்தின் வகையும் அளவும் தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் வால்வைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்தத் தாளைப் பிறப்புப் பத்திரம்போல் பெட்டியில் பூட்டி வையுங்கள். மூன்றாவது, இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்வோம். நம்மவர்களில் பலருக்கு வால்வு கெட்டதன் தொடக்கம் சிறுவயதுத் தொண்டைப்புண்தான். அதைத் தொடர்ந்து வரும் வாதக்காய்ச்சல் மூட்டை விட்டு நீங்கினாலும் இதயத்தில் வடுவை விட்டுச் செல்லும். லயத்து வீட்டில் நெருக்கமாகப் படுத்துறங்கும் பிள்ளைகளிடையே அந்தத் தொண்டைப்புண் எளிதில் பரவும். பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கொடுத்த மருந்தை முழுவதும் கொடுத்து முடியுங்கள்.

அச்சம் நோயைக் குணமாக்காது. வாய் திறந்து சொன்னால் வழி பிறக்கும்.