மால்டாவில் செப்டம்பர்

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு செப்டம்பர் கடைசி நல்ல சமயம். கோடைக் கூட்டம் குறைந்திருக்கும்; கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஷெங்கன் விசா வேண்டும். செலவுக்கு யூரோ.

கோட்டை, தேவாலயம் எல்லாம் பாருங்கள். தண்ணீர்க் கணக்கையும் கவனியுங்கள். வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே கிடையாது. குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. வெயில் காலத்தில் மழை அபூர்வம். செப்டம்பரில்தான் மறுபடி ஆரம்பிக்கும்.

தலைநகர் வலேட்டாவுக்கு அடிக்கல் நாட்டியது 1566-இல். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்று அப்போதே விதி போட்டார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது 2003-இல்.

சட்டம் வந்தாயிற்று. ஐப்பசி மழைக்கு முன் நம் மொட்டை மாடிக் குழாய்களின் அடைப்பை எடுத்துவிடுவோமா?