கணக்கில் எழுதாத செலவு
(ஸ்ரீரங்கத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



"யாவாரம் நல்லாத்தான் நடக்குது, கையில காசு நிக்க மாட்டேங்குது." குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஏன் நிற்கவில்லை? சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு குழு முறுக்கு சுட்டு, கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டுக்கு மாவு, எண்ணெய், கேஸ், கவர், சுடுகிற கூலி எல்லாம் சேர்த்து 22 ரூபாய். இது நேரடிச் செலவு. விற்பது 30 ரூபாய். மாதம் 1000 பாக்கெட் போனால் 8000 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கம்மா! ஷெட் வாடகை 2000, கரண்டு 400, மிஷின் ரிப்பேர் 300, லோடு ஆட்டோ 1500, போன், நோட்டுச் செலவு 200, கடன் வட்டி 600. மொத்தம் 5000 ரூபாய். இது எந்த ஒரு பாக்கெட்டுக்கும் சொந்தமில்லை. எல்லா பாக்கெட்டும் சேர்ந்துதான் சுமக்கணும். இதுதான் மறைமுகச் செலவு. பாக்கெட்டுக்கு 5 ரூபாய். உண்மையான லாபம் 3 ரூபாய்தான்.

வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு என்றால் ஸ்ரீரங்கத்தில் கூட்டம் தாங்காது. ஐப்பசி மழையில் 500 பாக்கெட்தான் போகுது என்று வையுங்கள். மாவுச் செலவு பாதியாகும். வாடகை பாதியாகுமா? பாதி லோடுக்கு ஆட்டோக்காரர் பாதி வாடகையா வாங்குவார்? அதே 5000தான். பாக்கெட்டுக்கு 10 ரூபாய் விழும். 22-ம் 10-ம் 32. விற்பதோ 30. மாதம் 1000 ரூபாய் நஷ்டம்!

அந்த நஷ்டம் நம்ம கூலியில்தான் கை வைக்கும். அப்புறம் தவணை கட்ட இன்னொரு கடன். "பணம் எங்க போச்சு?" என்று ஊக்குநர் மேல் சந்தேகம். நல்ல குழுவும் இப்படித்தான் உடைகிறது.

1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாமும் வங்கிப் படி ஏறினோம். கடன் வாங்கத் தெரிந்த நமக்கு, அதன் வட்டியை விலையில் சேர்க்கவும் தெரிய வேண்டும்.

மூன்று காரியம் செய்வோம்:

1. நோட்டில் மறைமுகச் செலவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குவோம்.

2. மந்தமான மாதத்தையும் மனசில் வைத்து விலை சொல்லுவோம். சீசன் லாபத்தில் ஒரு பங்கை மழை மாதத்துக்கு எடுத்து வைப்போம்.

3. ஒரே ஷெட்டில் அப்பளமும் போட்டால், எதற்கு எத்தனை நாள் என்று பார்த்து வாடகையைப் பிரித்து எழுதுவோம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள்.