உடைமையும் உறவும்

(கொருக்குப்பேட்டையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழிலின் உடைமையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். ஒரு தொழில் யாருக்கு உரியது என்பதைக் கணக்கப்பிள்ளையின் விஷயமென்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அத்தொழில் நிலைப்பதும், குடும்பம் ஒன்றியிருப்பதும், அதனை நம்பிய தெரு பிழைப்பதும் அவ்விடையையே பொறுத்திருக்கின்றன.

நம் பட்டறைகளில் இரும்பைத் தீட்டும் சாணைக்கல்லை எடுத்துக்கொள்வோம். அதனைச் செய்யும் கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனி நமக்கு அருகே திருவொற்றியூரில் இருக்கிறது. முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்து அமெரிக்கக் கம்பெனிகளோடு கூடி 1954 இல் அதனைத் தொடங்கினர். அக்குடும்பத்தின் தொழிலோ, 1900 இல் பர்மாவிலே அ. மு. முருகப்ப செட்டியாரின் லேவாதேவிக் கடையாகத் தோன்றியது. யுத்தம் பர்மாவை எட்டுமுன், 1930களிலேயே முதலைத் தாய்நாட்டுக்குக் கொணர்ந்தனர். உடையவர் ஒருமனப்பட்டிருந்தால் தொழில் கடலையும் தாண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அத்தகைய குடும்பத்துக்கும் ஒரு சோதனை வந்தது. எம். வி. முருகப்பன் அவர்கள் 2017 இல் காலமானார். அவருக்கு ஆண் மக்கள் இல்லை. பங்குகள் மனைவிக்கும் இரு மகள்களுக்கும் உரியனவாயின. மூத்த மகள் வள்ளி அருணாசலம், குடும்பப் பங்குகளை வைத்திருக்கும் கம்பெனியின் இயக்குநர் சபையில் இடம் கேட்டார். 2020 இல் பங்குதாரர் கூட்டம் மறுத்தது. 2023 இல்தான் சமரசம் ஏற்பட்டது. பங்கு உடையவருக்குச் சபையில் சொல்லும் உண்டோ? இதுவே அங்கு எழுந்த கேள்வி.

நிற்க. பிறர் வீட்டைப் பேசுதல் எளிது. என் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். எந்தையார் இவ்வூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பதினோரு பேர் வேலை செய்தனர். கணக்கு முழுவதும் என் தங்கையின் கையில். தந்தையார் ஒன்றும் எழுதிவைக்காமல் மறைந்தார். நானும் தம்பியும் எந்திரங்களைப் பிரித்துக்கொண்டோம். "உனக்குக் கலியாணத்திலேயே செய்தாயிற்று" என்று கூறித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். அவள் கேட்டது ஒன்றே: "கணக்குப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது, அண்ணா?" எங்களிடம் விடையில்லை. எவரிடம் எவ்வளவு பாக்கி என்பது அவளுக்கன்றி ஒருவருக்கும் தெரியாது. பாதிப் பட்டறைக்கு எவர் வேலை தருவார்? இரண்டே ஆண்டில் இரண்டும் மூடின. இருபது வருஷம் லேத்துப் பிடித்த கைகள் கூட்ஸ் செட்டில் மூட்டை தூக்கின.

உயிலின்றி இறந்த தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்கும் சமபங்கு என 1956 ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருந்தது. பிதிரார்ஜிதத்திலும் மணமாகாத மகளுக்கு உரிமையுண்டெனத் தமிழ்நாடு 1989 இல் சட்டம் செய்தது. 2005 இல் இந்தியா முழுமைக்கும் மகள் மகனுக்குச் சமமானாள். சட்டம் அறியாமல் நாங்கள் பிழைசெய்யவில்லை, ஆசையால் செய்தோம்.

ஆதலின் அன்பர்களே, உங்களை மூன்று வேண்டுகிறேன். உடலில் வலுவுள்ளபோதே பங்கை எழுதிவையுங்கள். மகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பிரிக்குமுன் பழைய வேலையாட்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் தங்கையின் பெட்டியில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.